உங்களைப் போன்றவர்கள் அடுத்து இதைப் படித்தார்கள்

ஆன்லைனில் படிக்க வருகிறவர்களுக்கு அடுத்த பாடம் எது என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு; சொல்வது ஒரு கணினி நிரல், அதற்குத் திட்டு வாங்குவது நான்.

நீங்களும் பட்டிருப்பீர்கள். தெரியாத்தனமாக ஒரு தடவை இடுப்பு வலிக்குத் தைலம் தேடியிருப்பீர்கள். அன்றிலிருந்து ஃபோனைத் திறந்தாலே முழங்கால் பட்டை, கைத்தடி, சாய்வு நாற்காலி என்று வரிசை கட்டி வந்து, உங்களுக்கே உங்கள் வயது மேல் சந்தேகம் வந்திருக்கும். அதே கைங்கரியத்தைப் படிப்பு விஷயத்தில் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் நான் இருக்கிறேன். கனடாவில், பிரெஞ்சு பேசுகிற மொன்ட்ரியாலிலிருந்து ஆற்றைத் தாண்டினால் லொங்குய்ய், மஞ்சள் மெட்ரோ முடிகிற இடம், அதற்குப் பக்கத்தில் ஆபீஸ். என் பதவிக்குப் பெயர் 'கற்றல் பாதை ஆலோசகர்'. இதைக் கேட்டுவிட்டு மதுரையில் என் மாமனார் மாப்பிள்ளை பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் மறுக்கவில்லை. உண்மையில் என் வேலை, 'எனக்கு ஏன்யா இந்தப் பாடம் வந்தது?' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்துகிறவர்களுக்கு ஃபோனில் சமாதானம் சொல்வது.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தேதி பார்த்து வாங்கின பாலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். வீட்டில் மனைவி என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுகிறாள். இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் இந்த வேலையில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பாதி சிரிப்பு. ஆனால் இதில் ஒரு அக்காவின் வேலையே ஊசலாடியது.

பனியில் விழுந்த வழி

சேர்ந்த புதிதில் கார்த்திக்தான் எனக்கு வகுப்பெடுத்தான். சென்னைப் பையன், அந்த நிரலைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். ஆபீசில் அதை 'வழிகாட்டி' என்போம். ஒருவர் ஒரு பாட வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார், எங்கே நிறுத்தினார், எதை ஓட்டிவிட்டார், எப்போது பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனார் என்று சகலத்தையும் அது கவனிக்கும். பிறகு, இதே மாதிரி நடந்துகொண்ட மற்றவர்கள் எந்த வழியில் போய்த் தேறினார்கள், எந்த வழியில் காணாமல் போனார்கள் என்று பார்த்து, இவருக்கு அடுத்த பாடத்தை நீட்டும். 'உங்களைப் போன்றவர்கள் அடுத்து இதைப் படித்தார்கள்' என்று திரையில் வரும். யார் அந்த என்னைப் போன்றவர்கள்? எங்கே இருக்கிறார்கள்? எதற்காக என்னைப் போல இருக்கிறார்கள்? எனக்கு அப்போதே உறுத்தியது.

கார்த்திக் என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போனான். எதிரே பூங்கா, முழங்கால் அளவு பனி. அதன் நடுவே ஜனங்கள் நடந்து நடந்து ஒரு வழி விழுந்திருந்தது. "பாத்தியா பாஸ், யாரும் ப்ளான் போடல. கூட்டமே கண்டுபிடிச்ச வழி. நம்ம சிஸ்டமும் இதேதான்" என்றான் பெருமையாக. எனக்கும் முதலில் புல்லரித்தது. அப்புறம்தான் கவனித்தேன். மெட்ரோ நேரே எதிரில் இருக்கிறது, வழியோ ஒரு மரத்தைச் சுற்றி, இன்னொரு மரத்தையும் சுற்றி, குப்பைத்தொட்டி வரை போய்விட்டுத் திரும்புகிறது. அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே சுற்றிப் போகிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். கார்த்திக் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "முதல்ல போனவன் நாயைக் கூட்டிட்டுப் போயிருப்பான் பாஸ். அதெல்லாம் டேட்டாவுல வராது."

ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியது

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற புறநகரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். இந்த நாட்டில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலிலேயே கோட்டு சூட்டு தெரிந்தது. ஏதோ நிர்வாகப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். அடுத்து 'விளையாட்டாய்ப் பின்னக் கணக்கு' என்று வந்ததாம். அதற்கடுத்து 'கேக் அலங்காரம்'. "யாரோ என் கணக்குல பூந்துட்டான். போலீசுக்குப் போகலாமான்னு இருக்கேன்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்பு, வந்தது வராததுமாய் ஒரு திருடன் கேசு!

எடுத்துப் பார்த்தேன். காலையில் நிர்வாகம். மதியம் பிரெஞ்சும் கேக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பின்னக் கணக்கு. இவ்வளவு ஒழுங்காக நேரம் பிரித்துக்கொண்டு வேலை பார்க்கிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. "சார், வீட்டில் வேறு யாராவது இதைத் திறக்கிறார்களா?" என்று இழுத்தேன். பாஸ்வேர்டை எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறதாம், மனைவி, மருமகள், பேத்தி எல்லோரும் அதில்தான் படிக்கிறார்களாம். ஆளுக்கொரு கணக்கு இருந்தால்தான் வழிகாட்டிக்கு ஆள் அடையாளம் தெரியும் என்று நான் பவ்யமாக எடுத்துச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்: "என்ன தம்பி பேசறீங்க? ஒரு வீட்டுக்கு ஒரு கேஸ் கனெக்‌ஷன்தானே? ஆளுக்கு ஒண்ணா வாங்குவாங்க?"

பக்கத்து நாற்காலி

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் தங்கியிருக்கிற தமிழ்நாட்டு மாணவர்கள் நாலு பேர், எங்களிடம் ஒரே படிப்பில் சேர்ந்திருந்தார்கள். வழிகாட்டி தங்களை ஒரே இடத்தில் சுற்றவிடுகிறது என்று புகார். அவர்களில் விக்னேஷ் கெட்டிக்காரன். அவன் எந்தப் பாடத்தை எடுக்கிறானோ அதையே மற்ற மூன்று பேரும் எடுப்பார்கள். விக்னேஷிடம் தனியாகக் கேட்டேன், நீ எப்படிப்பா தேர்ந்தெடுக்கிறாய் என்று. "நான் சிஸ்டம் சொல்றதைத்தான் சார் எடுப்பேன்" என்றான். சிஸ்டம் யாரைப் பார்த்துச் சொல்கிறது? விக்னேஷைப் போன்றவர்களை. விக்னேஷைப் போன்றவர்கள் யார்? அந்த மூன்று பேர்!

இதை நான் ஸ்பீக்கரில் விளக்கி முடித்தேன். அந்த மூவரில் ஒருவன் மிகவும் நொந்துபோய்க் கேட்டான்: "சின்ன வயசுல பக்கத்துல இருக்கிறவனைப் பாத்து எழுதினா ஸ்கேலால அடிச்சாங்க சார். இங்க அதுக்கு ஒரு கம்பெனியே வச்சிருக்கீங்களா?"

கோழியும் பூனையும்

தவமணி அக்கா மொன்ட்ரியால்-நோரிலிருந்து கூப்பிட்டது ஜூலை மாதம். ஈழத்தமிழ். 'வணக்கம் தம்பி'யில் ஆரம்பித்தால் 'வைக்கிறன் தம்பி' வரை மூச்சு விடமாட்டார். உறைந்த கோழியைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. குளிரறையில் நின்று நின்று விரல்கள் வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்திருக்கின்றன. இனி அந்த வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீட்டுத் தெருவிலேயே ஒரு கார்தெரி இருக்கிறது, குழந்தைகள் காப்பகம். அதில் ஓர் உதவியாளர் இடத்தை ஆகஸ்ட் முடிகிற வரை அவருக்காக வைத்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, எங்களுடைய பிரெஞ்சுச் சான்றிதழ். கடைசியில் ஓர் ஆசிரியர் வீடியோவில் நேருக்கு நேர் பேசிப் பார்த்துக் கொடுப்பது அது. மேல்நிலைப் பாடங்கள் திறந்தால்தான் அந்தப் பேச்சுத் தேர்வுக்கு நேரம் வாங்க முடியும். திறக்கிற சாவி வழிகாட்டியிடம் இருக்கிறது.

வழிகாட்டியோ அவரை மேலே விடுகிற பாடாக இல்லை. கொஞ்சம் ஏறியதும் 'உங்களைப் போன்றவர்கள் மீண்டும் அடிப்படையைப் படித்தார்கள்' என்று முதல் பாடத்துக்கே தள்ளிவிடும். அங்கே ஒரு பூனைப் படம். 'இது ஒரு பூனை.' நான் அவருடைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பாடத்துக்குப் பாடம் வரும் குட்டித் தேர்வுகளில் எல்லாம் முழு மதிப்பெண். ஆனால் வீடியோவில் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நிறுத்தி, சின்னப் பாடத்தை அரைநாள் பார்க்கிறார். எனக்குள் சிஐடி முழித்துக்கொண்டான். வீடியோவில் திணறுகிறவர் தேர்வில் எப்படிப் பின்னியெடுக்கிறார்? வீட்டில் இங்கேயே பிறந்த பிள்ளை ஒன்று உட்கார்ந்து எழுதித் தருகிறது, சந்தேகமே இல்லை! "பார்த்துச் சொல்கிறேன் அக்கா" என்று நழுவினேன். அக்கா விடவில்லை: "றோட்டு முழுக்க வேலை எண்டு செம்மஞ்சள் கோன் வச்சு எங்களைச் சுத்தவிடுறது காணாதெண்டு, இப்ப படிப்பிலயும் கோன் வச்சிட்டியளோ தம்பி?"

திடீர் சோதனை

மறுநாள் முன்னறிவிப்பில்லாமல் நானே கூப்பிட்டேன். "பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா அக்கா?" என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். ஒரே மகள், கல்யாணம் முடித்து வான்கூவரில் இருக்கிறாளாம். சரி, அடுத்த அம்பு. சட்டென்று பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான், அந்தப் பக்கம் அணை உடைந்தது. பதில் சொல்லி, விவரம் சொல்லி, என்னைத் திருப்பி ஏதோ கேள்வியும் கேட்டார். என் பிரெஞ்சு பேக்கரியில் ரொட்டி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். நான் தடுமாற, "ஆறுதலாச் சொல்லுங்கோ தம்பி, அவசரம் இல்லை" என்று என்னை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துத் திருத்தினார். விசாரிக்கப் போனவன் நான்!

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அக்கா வவுனியாவில் பாலர் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையிலேயே தானும் படிக்கிறார். வீடியோவில் ஒரு வாக்கியம் வரும். அக்கா கையைத் தூக்குவார். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிற அவருடைய கணவர் உடனே பட்டனை அமத்த வேண்டும். அக்கா அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லி, சரியாக வருகிற வரை சொல்லி, கடைசியில் கணவரைப் பிள்ளையாக வைத்து அவரிடம் சொல்வார். கணவர் 'ஆமாம் டீச்சர்' என்பதைப் பிரெஞ்சில் 'வீ மதாம்' என்று எழுந்து நின்று சொன்னால்தான் அடுத்த வாக்கியம். வழிகாட்டிக்கு இந்த நாடகமெல்லாம் தெரியுமா? அதற்குத் தெரிந்தது நிறுத்தம் மட்டும்தான். எங்களிடம் இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஒன்றும் புரியாமல் திணறி ஓடிப்போனவர்கள். அந்தக் கூட்டத்தில் இவரையும் சேர்த்துவிட்டது. நான் இதைச் சொன்னதும் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "அது கிடக்கட்டும் தம்பி. உங்கட பிரெஞ்சுக்கு, உங்களுக்கும் அந்தப் பூனைப் பாடம் வந்திருக்க வேணுமே?"

ஊரெல்லாம் சொந்தம்

எங்கள் மேலாளர் மெலனி நல்ல மனுஷி. என்னைப் போலவே சந்தேகப் பிராணி, அதனால் எங்களுக்குள் மரியாதை உண்டு. தவமணி அக்காவுக்கு மேல்நிலையைக் கையால் திறந்து கொடுங்கள் என்று கேட்கப் போனேன். மெலனி தன் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் ஃபோன் பேச்செல்லாம் பதிவாகும், எந்த மொழியாக இருந்தாலும் தானாக மொழிபெயர்ப்பாகி அவருக்குப் போகும். அங்கே பார்த்தால், வரிக்கு வரி 'என் மூத்த சகோதரி', 'என் இளைய சகோதரனே'. ஊழியர்கள் தங்கள் குடும்பத்தாருக்கு எந்தச் சலுகையும் செய்யக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இது எங்கள் ஆட்கள் பேசுகிற வழக்கம், முகம் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். என் வீட்டுப் பக்கம் டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருக்கிற ஆள் எனக்கு அண்ணன், பஸ்ஸில் இடம் கொடுத்த அம்மாள் எனக்கு ஆன்ட்டி, போன மாதம் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவருக்கு நான் மச்சான் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல மெலனியின் புருவம் உயர்ந்துகொண்டே போனது. இப்படிக் கைவைத்தால் கூட்டத்தின் தடமே கெட்டுவிடும், எதுவானாலும் செப்டம்பரில் நடக்கிற பரிசீலனையில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். செப்டம்பரில் அந்தக் கார்தெரி இடம் யாருக்கோ போயிருக்கும், அக்கா மறுபடியும் கோழிக்கு நடுவில் நிற்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அதை வாய்விட்டும் சொன்னேன். மெலனி கதவு வரை கூடவே வந்து, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "அப்படியானால் சரவணா, இந்த ஊரில் உனக்குச் சொந்தமில்லாத ஆள் யார்? அவரைக் கூட்டி வா, உடனே திறந்து கொடுக்கிறேன்."

அதன் பாட்டில் ஓடட்டும்

அக்காவிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கு அவர் குளிரறை வேலையிலிருந்து வந்து விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கேட்டு முடித்ததும், "அப்ப அது நான் நிப்பாட்டுறதை மட்டும்தான் பாக்குதோ?" என்றார். முக்கியமாக அதைத்தான் என்றேன். "நான் வாயால சொல்லுறதைக் கேக்காதோ?" கேட்காது என்றேன். "சரி தம்பி, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவருடைய பதிவுகளைப் பார்த்தால் நிறுத்தமே இல்லை! வீடியோ தொடங்கினால் முடிகிற வரை ஒரே ஓட்டம். அதன் பிறகு தேர்வு, பழையபடி முழு மதிப்பெண். ஐயையோ, இந்தத் தடவை நிஜமாகவே யாரையோ வைத்துப் படிக்கிறார் என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிற சத்தம். அக்கா செய்தது இதுதான். கணினியில் வீடியோவை யாரும் தொடாமல் ஓடவிடுவது, பக்கத்தில் ஃபோனை வைத்து அந்தக் குரலைப் பதிவு செய்துகொள்வது. அந்த நேரம் சமையல் ஆகும். பிறகு சோபாவில் உட்கார்ந்து ஃபோனில் ஒரு வாக்கியம், கணவர் அமத்த, அக்கா சொல்ல, 'வீ மதாம்'. அதே பாடம், அதே நிறுத்தம், வழிகாட்டியின் கண்ணுக்கு மட்டும் எட்டாது. அது மகிழ்ந்துபோய், 'உங்களைப் போன்றவர்கள் நேரே மேல்நிலைக்குப் போனார்கள்' என்று கதவைத் திறந்துவிட்டது. இது சரியா தப்பா என்று எனக்குள் ஒரு குடைச்சல். அக்காவுக்கு ஒரு குடைச்சலும் இல்லை: "அது தன்ர பாட்டில ஓடட்டும் தம்பி, நான் என்ர பாட்டில படிக்கிறன்."

மேதைகள் வாழும் கட்டடம்

அக்கா கைகண்ட மருந்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்களிடம் படிக்கிற பெண்கள் இன்னும் பலர். எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அவர்களுக்கோ 'நிறுத்தாமல் ஓடவிடு' என்கிற முதல் பாதி மட்டும் மனதில் நின்றது. ஃபோனில் கேட்டுச் சொல்லிப் பார்க்கிற இரண்டாம் பாதி நிற்கவில்லை. கார்த்திக் ஒருநாள் கண்கள் மின்ன ஓடிவந்தான். "பாஸ், மொன்ட்ரியால்-நோர்ல ஒரே பில்டிங்ல அத்தனை பேரும் ஜீனியஸ்! ஒருத்தர்கூட நிறுத்தற பட்டனைத் தொடல!" என்றான். நான் தயிர்சாதத்தைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

அதே கட்டடத்து சிவகலா அன்று மாலையே கூப்பிட்டுவிட்டார். வீடியோவை ஓடவிட்டுவிட்டு, துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் 'மேலதிகாரியாக ஊழியர்களைக் கண்டிப்பது எப்படி' என்ற பாடம் திறந்திருக்கிறது. தேர்வில் ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. என்னைப் பிடித்து ஒரு பிடி பிடித்தார்: "எனக்குத் தெரிஞ்சது போன்ஜூரும் மெர்சியும் மட்டும்தான். உடுப்பைத் தோய்க்கப் போட்டிட்டு வாறதுக்குள்ள என்னை மேலதிகாரி ஆக்கிப்போட்டியளே!"

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம்

இது சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. சிவகலாவும் மற்றவர்களும் மேல்நிலைத் தேர்வுகளில் வரிசையாகக் கவிழ்ந்தார்கள். வழிகாட்டி சும்மா இருக்குமா? நிறுத்தாமல் ஓடவிடுகிறவர்களும் தேறாத கூட்டம்தான் என்று புதிதாக ஒரு முடிவுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லோரையும் கொத்தோடு கீழே இறக்கியது, தவமணி அக்கா உட்பட. ஆகஸ்ட் கடைசி வாரம், பேச்சுத் தேர்வுக்கு இன்னும் ஓரிரு நாள்தான், அவருடைய திரையில் மறுபடியும் அந்தப் பூனை! அக்கா ஃபோனில் அழுதார். கார்தெரிக்காரர்கள் ஆகஸ்டுக்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் ஒன்று, மேல்நிலை திறந்த அன்றைக்கே நான் அவரை உட்கார வைத்துத் தேர்வுக்கு நேரம் வாங்க வைத்திருந்தேன். திறந்த கதவை இவர்கள் எப்போது சாத்துவார்களோ என்ற என் பாழாய்ப்போன சந்தேகம்தான் காரணம். பாடங்கள் வழிகாட்டியின் கையில் இருக்கின்றன. ஆசிரியரின் நாட்குறிப்பு ஆசிரியரின் கையில் அல்லவா இருக்கிறது? பாடம் பூட்டிக்கொண்டாலும் வாங்கிய நேரம் அப்படியே இருந்தது. போய் அந்த நேரத்துக்கு உட்காருங்கள் அக்கா, பூனையைப் பார்க்காதீர்கள் என்றேன்.

உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வந்த ஆசிரியர், அம்மாவை விடமாட்டேன் என்று அழுகிற குழந்தையிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா தேர்வு என்பதையே மறந்துவிட்டார். கொஞ்சி, மிரட்டி, ஷூவைக் கழற்ற வைத்து, ஜன்னலில் புறா காட்டி, ஒரு வகுப்பையே நடத்திவிட்டார். கடைசியில் "இனி அழமாட்டாய்தானே?" என்று பிரெஞ்சில் கேட்க, பழக்க தோஷத்தில் அடுப்படியிலிருந்து அவர் கணவர் "வீ மதாம்!" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானதாம். சான்றிதழ் அன்றே வந்தது. மறுநாள் காலை அக்கா அதைக் கொண்டுபோய்க் கார்தெரியில் கொடுத்தார், அந்த இடம் அவருக்கே கிடைத்தது. கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஆபீஸ் என்றும் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் பரிசீலனையில் மெலனி அக்காவின் பெயரைப் பார்த்துவிட்டார். சான்றிதழும் வேலையும் வாங்கியவர்! 'எங்கள் பாதை ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது பாருங்கள்' என்று நிறுவனத்தின் முகப்பில் போட வேண்டுமாம். பாதையைப் பற்றி அவர் வாயால் ஒரு வரி வாங்கி வா என்று என்னை அனுப்பினார். கூப்பிட்டேன். பின்னால் குழந்தைகளின் இரைச்சல். அக்கா யாரிடமோ பிரெஞ்சில் மூக்கைத் துடை என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை: "வடிவா எழுதுங்கோ தம்பி. நான் உங்கட பாதையால வரேல்லை, பாதைக்குத் தெரியாமல் வந்தனான்."

ஆகவே சொல்கிறேன், நீங்கள் அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், சொல்கிறவன் நானாகவே இருந்தாலும், அப்படியே நம்பிவிடாதீர்கள், எங்களுக்குச் சம்பளம் சொல்வதற்குத்தான், தெரிந்து வைத்திருப்பதற்கு இல்லை.